டிவி 4கே, டப்பா எஸ்டி

போன மாசம் இந்தப் பக்கத்துல ஒருத்தர் எச்டின்னா என்னன்னு கேட்டதுக்கு நாலு வரியில பதில் போட்டேன், அவ்ளோதான், அதுக்கப்புறம் வந்த கடுதாசி, வாட்ஸப் எல்லாத்தையும் பார்த்தா நான் திரும்பவும் டிவி ரிப்பேர் கடைக்கே போயிட்ட மாதிரி இருக்கு. மிக்ஸி, இன்வெர்ட்டர் கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சாச்சு. இந்தத் தடவை முழுக்க படம் ஏன் மங்குதுங்கற ஒரே பஞ்சாயத்துதான்.

வாசகி, பெரம்பூர்: எங்க வீட்ல இருந்த 21 இன்ச் குண்டு டிவியை தீபாவளி எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு 43 இன்ச் 4கே டிவி வாங்கினோம். சீரியல் போட்டா எல்லார் முகமும் எண்ணெய் தடவின கண்ணாடி வழியா பாக்குற மாதிரி கலங்கலா இருக்கு. பழைய டிவியே தேவலைன்னு தோணுது. வீட்டுக்காரர் என்னை கண் டாக்டர்கிட்ட போகச் சொல்றார். என் கண்ணா, டிவியா?

உங்க கண்ணும் நல்லா இருக்கு, டிவியும் நல்லா இருக்கு, உள்ள வர்ற படம்தான் சின்னது. வீட்டுக்காரரையும் பக்கத்துல உக்கார வச்சிக்கிட்டு இந்தக் கணக்கை படிங்கம்மா.

டிவி படம்ங்கறது குட்டிக் குட்டி கலர் புள்ளிங்க, அதைத்தான் பிக்சல்ங்கறாங்க. சாதா சேனல், அதாவது எஸ்டி, மேக்சிமம் அகலத்துல 720 புள்ளி, உயரத்துல 576 வரி. பெருக்கினா 4,14,720. எச்டி 1920க்கு 1080, அது 20,73,600, சரியா அஞ்சு மடங்கு. நீங்க வாங்கின 4கே டிவி திரையில இருக்கறது 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளி. இது எச்டி மாதிரி நாலு மடங்கு, எஸ்டி மாதிரி இருபது மடங்கு. அப்போ எஸ்டி சேனல்ல இருந்து ஒரு புள்ளி வந்தா உங்க டிவி அதை வச்சிக்கிட்டு இருபது புள்ளி இடத்தை ரொப்பணும், ஒண்ணு நிஜம், பத்தொன்பது டிவியா யோசிச்சு போட்டுக்கறது. ஒரு கரண்டி மாவை ஊத்திட்டு கல்லு முழுக்க இழுத்தா தோசை எப்படி வரும், ஓட்டை ஓட்டையாத்தான் வரும், அந்த ஓட்டைய எல்லாம் அடைக்கத்தான் டிவி மழுப்பி விடுது. நீங்க பாக்குற எண்ணெய்க் கலங்கல் அதுதான். இதுல இன்னொரு கூத்து, சில எஸ்டி சேனல் அந்த 720ஐக்கூட முழுசா அனுப்பறதில்ல, இடத்தை மிச்சம் பிடிக்க 544 புள்ளின்னு சுருக்கி அனுப்புது.

அப்போ குண்டு டிவில மட்டும் எப்படி நல்லா தெரிஞ்சது? ரெண்டு காரணம். அந்த டிவிக்கு 576 வரிங்கறது அளவெடுத்து தைச்ச சட்டை, இழுக்கவே வேணாம், வர்றதை அப்படியே வரைஞ்சிடும், அதோட அந்த டியூப்ல ஒரு புள்ளியோட வெளிச்சம் பக்கத்துப் புள்ளி மேல கொஞ்சம் கசியும், சின்னச் சின்ன பிசிறெல்லாம் அதுல மறைஞ்சு போயிடும். ரெண்டாவது, நீங்க உக்கார்ற தூரம். எஸ்டி படத்துக்கு திரை உயரத்தை விட ஆறு மடங்கு தள்ளி உக்காந்தா புள்ளி பிரிஞ்சு தெரியாதுன்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு, எச்டிக்கு மூணு மடங்கு, 4கேக்கு ஒன்றரை மடங்கு போதும். 21 இன்ச் டிவி உயரம் ஒரு அடி சொச்சம், ஆறடி தள்ளி உக்காந்தா போதும், பெரம்பூர் ஹால்ல அது தாராளமா கிடைக்கும். 43 இன்ச் டிவி உயரம் 21 இன்ச், ஆறு மடங்குன்னா பத்தரை அடி. பத்தரை அடி போனா நீங்க சமையல்கட்டுக்குள்ளயோ பக்கத்து போர்ஷன்லயோ நின்னுக்கிட்டுத்தான் சீரியல் பாக்கணும்.

ஸ்டூடியோவுல இருந்து உங்க கண்ணு வரைக்கும் ஒரு ஏழெட்டு படி இருக்கு, எடுத்த கேமரா, சேனல் அனுப்பற விதம், கேபிள்காரர் ஹெட்எண்ட் (எல்லா சேனலையும் பிடிச்சு வயர்ல ஏத்தற இடம்), தெரு வயர், செட்டாப் பாக்ஸ்ங்கற டப்பா, டப்பாவுல இருந்து டிவிக்கு போற வயர், டிவி, நீங்க உக்கார்ற சேர். இதுல எது எல்லாத்தையும் விட சின்னதோ அதான் உங்க படம். டிவிங்கற ஒரு படிக்கு மட்டும் முப்பதாயிரம் செலவு பண்ணிட்டு மத்ததை அப்படியே விட்டா இப்படித்தான் ஆகும், நம்ம ஊர்ல பாதி வீட்ல இதான் கதை. எச்டி டப்பா போடுங்க, பாக்குற ரெண்டு மூணு சேனலை எச்டில எடுங்க. அதுவரைக்கும் டிவி செட்டிங்ஸ்ல ஷார்ப்னஸ்னு ஒண்ணு இருக்கும், கடைக்காரன் அதை தூக்கி வச்சிருப்பான், அதை கிட்டத்தட்ட அடிமட்டத்துக்கு இறக்குங்க, பிக்சர் மோட் விவிட்னு இருந்தா ஸ்டாண்டர்டுக்கு மாத்துங்க. ஷார்ப்னஸ் ஏத்தினா தெளிவு வராது, இருக்கற பிசிறுக்கு கரைகட்டி காட்டும், அவ்ளோதான்.

வாசகர், திருவொற்றியூர்: ஆறு மாசமா எச்டி பேக்குக்கு பணம் கட்றேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. ஏமாத்தறாங்களா?

இருக்கலாம், ஆனா யார் மேலயும் பாயறதுக்கு முன்னாடி எழுந்து போய் டிவி பின்னாடி எட்டிப் பாருங்க. இதை ஏன் சொல்றேன்னா என் தங்கச்சி வீட்லயே நடந்தது. மடிப்பாக்கம். எச்டி டப்பா மாட்டி எட்டு மாசம். நான் ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு போனவன், மேட்ச் ஓடிட்டிருக்கு, ஸ்கோர் எழுத்து ஓரமெல்லாம் கலர் கசியுது, சிவப்பு ஜெர்சி கோட்டை விட்டு வெளிய வழியுது. டிவியை சுவத்துல இருந்து ஒரு ஜாண் இழுத்து கையை விட்டா மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூணு முனை வயர். மாட்ட வந்த பையன் பழைய டப்பாவுல இருந்த ஏவி வயரையே புது டப்பாவுல குத்திட்டு போயிருக்கான். எச்டி படம் போறதுக்குன்னே இருக்கற எச்டிஎம்ஐ வயர் எங்கன்னு கேட்டா தங்கச்சி பீரோ மேல இருந்து டப்பா வந்த அட்டைப்பெட்டியை இறக்கினா, அதுக்குள்ள பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்காம டை கட்டினபடியே தூங்குது. எட்டு மாசம் எச்டிக்கு காசு, பாத்தது எஸ்டி. அந்த மஞ்சள் வயர்ல எச்டி போகவே போகாது சார், எச்டி சேனலே வந்தாலும் டப்பா அதை 576 வரியா சுருக்கித்தான் அந்த ஓட்டை வழியா தள்ளும், கலரையும் வெளிச்சத்தையும் ஒரே கம்பியில கலந்து அனுப்பறதால ஓரத்துல கலர் வழியும். வயரை மாத்தின உடனே என் மச்சான் சொன்ன வார்த்தையை பத்திரிகையில போட முடியாது.

வயர் சரியா இருந்தா அடுத்து டப்பா செட்டிங்ஸ். வீடியோ அவுட்புட், இல்ல ரெசல்யூஷன்னு ஒரு வரி இருக்கும், அது 576ல நிக்குதான்னு பாருங்க, இருந்தா 1080க்கு மாத்துங்க. அதுவும் சரின்னா மூணாவது, இதான் நிறைய வீட்ல நடக்கறது, ஒரே சேனலுக்கு எஸ்டிக்கு ஒரு நம்பர், எச்டிக்கு வேற நம்பர். கை பழக்கத்துல பழைய நம்பரையே அமுக்கிட்டு இருப்பீங்க. மூலையில இருக்கற லோகோவுல எச்டின்னு எழுதியிருக்கான்னு பாருங்க. டிவி ரிமோட்ல இன்ஃபோ பட்டனை அமுக்கி 1080ன்னு வருதேன்னு சந்தோஷப்படாதீங்க, அது டப்பா என்ன அனுப்புதுங்கறதைத்தான் சொல்லும், சேனல் எப்படி வருதுன்னு அதுக்கு தெரியாது. எஸ்டி சேனலையே டப்பா உப்பவச்சு 1080ஆ அனுப்பும், டிவியும் 1080ன்னு சத்தியம் பண்ணும்.

இதெல்லாம் பாத்தும் அப்படியேதான் இருக்குன்னா அப்போ கேபிள்காரர்கிட்ட கேளுங்க, பில்லை கையில வச்சிக்கிட்டு.

மாணவர், அம்பத்தூர்: அண்ணா, 1080 'ஐ' (i), 1080 'பி' (p) ரெண்டும் ஒண்ணா?

புள்ளி ஒண்ணுதான், வர்ற விதம் வேற தம்பி. 'பி'ன்னா முழுப்படம் ஒரே மூச்சுல வரும். 'ஐ'ன்னா முதல்ல 1, 3, 5ன்னு ஒற்றைப்படை வரி மட்டும், அடுத்த நொடித்துணுக்குல 2, 4, 6ன்னு இரட்டைப்படை வரி. செகண்டுக்கு 50 தடவை இப்படி பாதிப்பாதியா வருது, ஒவ்வொரு பாதியிலயும் 540 வரி. நம்ம கேபிள்ல வர்ற எச்டி சேனல் பெரும்பாலும் இந்த ஐ வகைதான். ரெண்டு பாதியையும் தைக்கிற வேலையை டப்பாவோ டிவியோ பண்ணணும். அசையாத படத்துல தையல் தெரியாது. நியூஸ் சேனல் அடியில வேகமா ஓடற பட்டி எழுத்தை உத்துப் பாரு, சில டிவில எழுத்து ஓரம் சீப்பு பல்லு மாதிரி பிரிஞ்சு நிக்கும், தையல் விட்டுப்போச்சுன்னு அர்த்தம். டப்பா அவுட்புட்டை 1080பிக்கும் 1080ஐக்கும் மாத்தி மாத்தி வச்சு எதுல பட்டி நல்லா ஓடுதுன்னு பாரு, டப்பா நல்லா தைக்குதா டிவி நல்லா தைக்குதான்னு அஞ்சே நிமிஷத்துல தெரிஞ்சிடும். பெரும்பாலும் டிவிதான் கெட்டிக்காரனா இருக்கும்.

வாசகர், பள்ளிக்கரணை: ஐப்பசி மழை ஆரம்பிச்சா போதும், படம் கட்டம் கட்டமா உடைஞ்சு, சத்தம் டக் டக்னு விட்டு விட்டு வருது. மழை இல்லாத நாள்லயும் சில பாட்டுக்கு மட்டும் கட்டம் வருது. ரெண்டும் ஒரே வியாதியா?

நல்ல கேள்வி, ரெண்டும் வேற வேற வியாதி, பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

மழைக்கட்டம் முதல்ல. மழை வந்தா டிஷ்ஷுக்குத்தான படம் போகும், எங்களுக்கு வயராச்சேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. வீட்டு மாடி டிடிஎச் டிஷ் பிடிக்கிறது 11, 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அந்த அலை சின்னது, கனமழையில கரைஞ்சு போகும். கேபிள்காரர் ஹெட்எண்ட்ல இருக்கற பெரிய டிஷ் பெரும்பாலும் 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பிடிக்கிறது, அது மழைக்கு அவ்ளோ அசராது. அதனால உங்க கோளாறு வானத்துல இல்ல, தெருவுலயும் மாடியிலயும்தான். கம்பத்துக்கு கம்பம், மரத்துக்கு மரம் தொங்கற வயர், அதுல நடுநடுவுல சிக்னலை ஏத்தி விடற ஆம்ப்ளிஃபையர் பொட்டி, ஒரு வயரை ரெண்டு மூணா பிரிக்கிற ஸ்ப்ளிட்டர், கனெக்டர். மூடி சரியில்லாத கனெக்டருக்குள்ள தண்ணி போச்சுன்னா உள்ள செம்புக் கம்பி பச்சை பூத்துடும், அப்புறம் வெயில் அடிச்சாலும் அது தேறாது. பழைய அனலாக் காலத்துல சிக்னல் கொஞ்சம் குறைஞ்சா படத்துல கொஞ்சம் புள்ளி வரும், இன்னும் குறைஞ்சா இன்னும் புள்ளி, நாமளும் பொறுத்துக்கிட்டு பாப்போம். டிஜிட்டல் அப்படி கிடையாது. ஒரு அளவு வரைக்கும் ஒண்ணுமே ஆகாத மாதிரி பளிச்னு இருக்கும், அந்தக் கோட்டை தாண்டி ஒரு துளி குறைஞ்சா போச்சு, மொட்டை மாடி கைப்பிடி சுவர் முடிஞ்ச மாதிரி, அடுத்த அடி கீழதான். நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சேன்னு சொல்லாதீங்க, நேத்தே விளிம்புலதான் நின்னுட்டிருந்திருக்கும்.

ஒரு சின்ன டெஸ்ட். மழை நேரத்துல எல்லா சேனலும் உடையுதா, இல்ல ஒரு பத்து பதினஞ்சு சேனல் மட்டும் கூட்டமா உடையுதான்னு பேப்பர்ல எழுதி வைங்க. கேபிள்ல ஒரு 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல ஒரு பஸ் போகுதுன்னு வச்சிக்கோங்க, அந்த பஸ்ஸுல பத்து பதினஞ்சு எஸ்டி சேனல் சேர்ந்து உக்காந்து வரும். ஒரு பஸ் மட்டும் பஞ்சர்னா அந்தக் கூட்டம் மட்டும் போகும். எழுதி வச்ச சேனல் லிஸ்டை லைன்மேன்கிட்ட காட்டினா, சிக்னல் மீட்டரை எந்த ஃப்ரீக்வென்சியில வச்சுப் பாக்கணும்னு அவருக்கு தெரியும். எல்லாமே போகுதுன்னா உங்க வீட்டுக்கு வர்ற வயர், கனெக்டர். முக்கியமா வீட்டுக்குள்ள ஸ்ப்ளிட்டர் எத்தனை போட்டிருக்கீங்கன்னு எண்ணுங்க, ஒவ்வொரு ரெண்டு வழி ஸ்ப்ளிட்டரும் சிக்னலை பாதி அளவுக்கும் கீழ குறைச்சிடும். பெட்ரூம் டிவியை வித்து நாலு வருஷம் ஆச்சு, ஸ்ப்ளிட்டர் மட்டும் பரண் மேல இன்னும் அங்கயே இருக்கும், அதை எடுத்து கடாசுங்க.

இப்போ பாட்டுக் கட்டம். இதுக்கும் உங்க வயருக்கும் சம்பந்தமே இல்ல. சுருக்காம எச்டி படத்தை அனுப்பணும்னா செகண்டுக்கு கிட்டத்தட்ட 1,500 மெகாபிட் வேணும், கேபிள்ல அதுக்கு கிடைக்கறது ஆறோ எட்டோ. எஸ்டின்னா ரெண்டு, மூணு. அவ்ளோ பெரிய பூதத்தை அவ்ளோ சின்ன சீசாவுல அடைக்க ஒரு தந்திரம், ஒவ்வொரு படத்தையும் முழுசா அனுப்பாம, முன்ன போன படத்துல இருந்து எது மாறிச்சோ அதை மட்டும் அனுப்பறது. நியூஸ் வாசிக்கிறவங்க அசையாம உக்காந்திருக்காங்க, வாய் மட்டும்தான் அசையுது, சுலபம். சீரியல்ல மாமியார் முகத்துக்கு மூணு தடவை ஜூம், அதுவும் பெரிய கஷ்டம் இல்ல. நூறு பேர் ஆடறாங்க, மேல இருந்து கலர் பேப்பர் கொட்டுது, புகை, பளிச் பளிச்னு லைட்டு, இதுல எதுவுமே முந்தின படத்துல இருந்த மாதிரி இருக்காது, எல்லாமே புதுசு, அனுப்ப இடம் பத்தாது. இடம் பத்தலைன்னா நுணுக்கத்தை தூக்கிப் போட்டுட்டு எட்டுக்கு எட்டு புள்ளியா ஒரு கட்டம், அதுக்கு மொத்தமா ஒரு கலர்னு பூசி அனுப்பிடும். அந்தக் கட்டம்தான் நீங்க பாக்குறது. சேப்பாக்கத்துல சிக்ஸ் அடிச்சதும் கேமரா கூட்டத்து பக்கம் வேகமா திரும்பும் பாருங்க, மஞ்சள் சட்டையெல்லாம் குழம்பி சாம்பார் சாதம் மாதிரி ஒரு நொடி தெரியும், அதே வியாதி.

எப்படி பிரிச்சு கண்டுபிடிக்கிறது? சத்தத்தை கேளுங்க. படம் உடையும்போது சத்தமும் சேர்ந்து விக்குச்சுன்னா சிக்னல் கோளாறு. சத்தம் நல்லா வந்துட்டு படம் மட்டும் கட்டமானா சேனலோ ஹெட்எண்டோ சிக்கனம் பண்றாங்க. அதுக்கு லைன்மேனை மாடி ஏத்தி பிரயோஜனம் இல்ல, பாவம்.

இதனாலதான் ரெசல்யூஷன் நம்பரை மட்டும் வச்சிக்கிட்டு ஆடக்கூடாதுன்னு நான் சொல்றது. கஞ்சத்தனமா அனுப்பின எச்டியை விட தாராளமா அனுப்பின எஸ்டி கண்ணுக்கு நிம்மதியா இருக்கும், பிக்சல்ங்கறது பாத்திரத்தோட சைஸ், உள்ள ஊத்தறது வேற கணக்கு.

வாசகர், மயிலாப்பூர்: எனக்கு 74 வயசு. ஆன்டெனா காலத்துல இருந்து டிவி பாக்குறவன். அன்னைக்கு கிரிக்கெட் பந்து பேட்ல பட்டு போறது வரைக்கும் தெளிவா தெரியும். இப்போ பந்து வால் முளைச்சு போகுது. சொன்னா பேரன் சிரிக்கிறான்.

பேரனை கூப்பிடுங்க சார், நீங்க சொல்றதுல நிறைய உண்மை இருக்கு. குண்டு டிவில ஒவ்வொரு புள்ளியும் பளிச்னு ஒரு கணம் எரிஞ்சு அணைஞ்சிடும், அடுத்த படம் வர்ற வரைக்கும் அந்த இடம் இருட்டு. இப்போ வர்ற எல்சிடி, எல்ஈடி டிவில அடுத்த படம் வர்ற வரைக்கும் பழைய படம் அப்படியே எரிஞ்சுக்கிட்டு இருக்கும். ஓடற பந்தை கண்ணு துரத்திக்கிட்டு போகுது, படம் மட்டும் அங்கயே நிக்குது, அதுதான் கண்ணுல இழுத்து விட்ட வாலா தெரியறது. அசையாத படத்துல புது டிவி ஜெயிக்கும், அசையற படத்துல உங்க பழைய குண்டு டிவி சளைச்சது இல்ல.

இன்னொண்ணும் பேரனுக்கு சொல்லுங்க. மெட்ராஸ் தூர்தர்ஷன் ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15. கலர் வந்தது 1982ல. அப்போ இருந்த முறையில மொத்தம் 625 வரி, அதுல திரையில படமா தெரியறது 576. இன்னைக்கு கேபிள்ல எஸ்டின்னு வர்றதுலயும் அதே 576 வரிதான். நடுவுல என்னென்னமோ நடந்தாச்சு, 2003 செப்டம்பர்ல காஸ்னு, கட்டண சேனல் பாக்கணும்னா டப்பா வேணும்ங்கற முறை ஒண்ணு கொண்டு வந்து மத்த மெட்ரோ எல்லாம் தள்ளிப்போட்டப்ப சென்னை மட்டும் டிவி பக்கத்துல டப்பாவை வச்சிக்கிச்சு, அப்புறம் 2012 அக்டோபர் கடைசிக்குள்ள நாலு மெட்ரோவும் முழுசா டிஜிட்டல் ஆகணும்னு உத்தரவு வந்தா இந்தத் தடவை சென்னைதான் கோர்ட்டு கேஸுன்னு இழுத்துக்கிட்டு போச்சு, எல்லா கூத்தும் முடிஞ்சும் அந்த 576 மட்டும் மாறவே இல்ல. நீங்க மொட்டை மாடில ஆன்டெனாவை திருப்பிக்கிட்டே "இப்ப தெரியுதா"ன்னு கத்தின அதே வரிங்கதான் சார் பேரன் டிவியில 4கே ஸ்டிக்கருக்குப் பின்னாடி ஓடுது.

வாசகி, கொளத்தூர்: பழைய கறுப்பு வெள்ளை படத்தை எச்டி சேனல்ல போட்டாலும் மங்கலாத்தான் இருக்கு, அதோட ஹீரோ ஹீரோயின் எல்லாம் குண்டா தெரியறாங்க. ஏன்?

குண்டா தெரியறது உங்க ரிமோட் கோளாறு. அந்தக் காலத்து படம் 4க்கு 3 அளவு, இன்னைக்கு டிவி 16க்கு 9. நடுவுல படமும் ரெண்டு பக்கம் கறுப்பு பட்டையும்தான் நியாயம். பட்டை பிடிக்காம யாரோ ஆஸ்பெக்ட் பட்டனை அமுக்கி இழுத்து விட்டிருப்பாங்க, எல்லாரும் பக்கவாட்டுல மூணுல ஒரு பங்கு உப்பிட்டாங்க. சில சமயம் சேனலே இழுத்துத்தான் போடுது, அதுக்கு நம்மால ஒண்ணும் பண்ண முடியாது.

மங்கலுக்கு காரணம் சேனல்கிட்ட இருக்கற மூலப் பிரதி. 35 எம்எம் ஃபிலிம் நெகட்டிவ்ல எச்டியை தாண்டின நுணுக்கமே இருக்கு, கறுப்பு வெள்ளையா இருந்தா என்ன. நெகட்டிவை எடுத்து புதுசா ஸ்கேன் பண்ணினா நெத்தி வேர்வை வரைக்கும் தெரியும். ஆனா நிறைய படத்துக்கு சேனல்கிட்ட இருக்கறது எப்பவோ எடுத்து வச்ச எஸ்டி வீடியோ டேப் காப்பிதான், அதை உப்பவச்சு எச்டி சேனல்ல ஓட்டறாங்க. லோகோதான் எச்டி, படம் இல்ல. இதுல ஒரு சின்ன வேடிக்கை, சினிமா எடுக்கறது செகண்டுக்கு 24 பிரேம், நம்ம டிவி கணக்கு 25. சுலபமா இருக்கட்டும்னு 24ஐ 25ஆ ஓட்டிடறது இந்த முறையில வழக்கம். அப்படி ஓட்டினா ரெண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னாடியே முடிஞ்சிடும். மிச்சமான ஆறு நிமிஷத்துக்கும் விளம்பரம் போட்டுடுவாங்க, அது தனி.

வாசகர், வியாசர்பாடி: எச்டி எடுத்தா காசு ஏன் எகிறுது? எதை எச்டில எடுக்கலாம்?

2019ல ட்ராய், அதாவது கேபிள் கட்டணத்துக்கு விதி போடற அமைப்பு, புது கட்டண முறை கொண்டு வந்தப்ப, 100 எஸ்டி சேனல் வரைக்கும் மாசம் 130 ரூபாய்க்கு மேல நெட்வொர்க் கட்டணம் வாங்கக்கூடாது, வரி தனின்னு வச்சாங்க. அந்தக் கணக்குல ஒரு எச்டி சேனல் ரெண்டு எஸ்டி சேனலுக்கு சமம்னு வச்சாங்க, ஏன்னா மேல சொன்ன கேபிள் பஸ்ஸுல அது ரெண்டு சீட்டுக்கும் மேல பிடிக்கும். அதுக்கு மேல சேனல்காரன் விலை தனி, அதுலயும் எச்டிக்கு கூடுதல். என்னைக் கேட்டா கிரிக்கெட் ஒண்ணு, வீட்ல தினம் ஓடற பொழுதுபோக்கு சேனல் ஒண்ணோ ரெண்டோ, காடு மிருகம்னு பாக்குற பசங்க இருந்தா அதுல ஒண்ணு. நியூஸை எச்டில பாத்து என்ன பண்ணப் போறீங்க, கத்தறது எஸ்டிலயும் நல்லாவே கேக்குது. உங்க டிவி 24 இன்ச்னா எச்டியே வேணாம், அந்தக் காசுக்கு பஜ்ஜி சாப்பிடலாம்.

வாசகர், தாம்பரம்: யூடியூப்ல 4கே வீடியோ கண்ணாடி மாதிரி இருக்கு. கேபிள்ல 4கே எப்போ வரும்? 4கே டப்பான்னு ஒண்ணு விக்கிறாங்களே?

அந்த டப்பாவுல 4கேங்கறது பெரும்பாலும் நெட்ல ஓடற ஆப்புக்குத்தான். கேபிள் வழியா வர்ற சேனல் எஸ்டியாவோ எச்டியாவோதான் வரும். யூடியூப் 4கேக்கு செகண்டுக்கு 20 மெகாபிட் மாதிரி வேணும், அதை உங்க ஒருத்தருக்கு, நீங்க கேட்டப்ப மட்டும் அனுப்பறாங்க. கேபிள்காரர் நீங்க பாத்தாலும் பாக்கலைன்னாலும் அத்தனை சேனலையும் 24 மணி நேரமும் ஒரே வயர்ல தள்ளிக்கிட்டே இருக்கணும். ஒரு 8 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுல மொத்தமே 38ல இருந்து 50 மெகாபிட்தான் ஏறும், அதுல ரெண்டு 4கே சேனல் உக்காந்தா மத்தவங்க எல்லாம் ஃபுட்போர்டுதான்.

வாசகர், ஆலந்தூர்: தங்க முலாம் பூசின எச்டிஎம்ஐ வயர் ரெண்டாயிரம் ரூபாய்னு கடைல சொல்றாங்க. படம் நல்லா வருமா?

கடைக்காரருக்கு நல்லா வரும். ஒண்ணரை மீட்டருக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல இருநூறு முன்னூறு ரூபா வயர் போதும். வந்தா முழுசா வரும், இல்லைன்னா விட்டு விட்டு வரும், தங்கத்தால முகம் பளபளக்காது.

வாசகி, சைதாப்பேட்டை: எல்லாரும் எச்டி வேணும்னு கேப்பாங்க, என் மாமியார் வேணாங்கறாங்க. எச்டில சீரியல் பாத்தா ஹீரோயின் கழுத்துல பவுடர் எங்க முடியுதுன்னு கோடு தெரியுதாம், அழுகை வர மாட்டேங்குதாம். என்ன பண்றது?

மாமியார் கண்ணு எச்டி கண்ணு, அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. மேக்கப் போடறவங்களுக்கே எச்டி கேமரா வந்தப்ப இதே தலைவலிதான், பவுடர், விக் ஒட்டு, செட்டுல பெயின்ட் வழிஞ்சது எல்லாம் தெரிய ஆரம்பிச்சு வேலையை மாத்திக்க வேண்டியதா போச்சு. மேட்ச் நேரத்துல நீங்க எச்டி நம்பரை அமுக்குங்க, ஏழு மணிக்கு மேல எஸ்டி நம்பரை போட்டு ரிமோட்டை அவங்க கையில குடுத்துடுங்க.